அஞ்சலட்டையும் மடலும்: நோய்ப் பரவல் செய்தி மருத்துவரைச் சென்றடைந்த வரலாறு

ஒரு நோய் ஊருக்குள் பரவத் தொடங்கும்போது அதை முதலில் எதிர்கொள்பவர், தம்மை நாடி வந்த நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் மருத்துவரே ஆவார். சுகாதாரத் துறைக்கு அச்செய்தி எட்டுவது அதற்குப் பின்னர்தான். ஆனால் அம்மருத்துவர் காண்பது ஒற்றை நோயாளியை மட்டுமே. அதே வாரத்தில் பக்கத்து ஊரில் அதே அறிகுறிகளோடு மூவர் வேறு மருத்துவர்களிடம் சென்றிருந்தாலும், அதை அவர் தாமாக அறிந்துகொள்ள வழியில்லை. எனவே நோய்ப் பரவல் குறித்த செய்திக்கு இரண்டு பயணங்கள் தேவைப்படுகின்றன. மருத்துவர் தாம் கண்டதைத் துறைக்குத் தெரிவிப்பது முதற்பயணம். பலரிடமிருந்து வந்தவற்றைத் துறை ஒன்றாக வைத்துப் பார்த்து, அதன் பொருளை மருத்துவருக்கே திருப்பிச் சொல்வது இரண்டாவது. முதற்பயணத்தைச் சட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கட்டாயமாக்கிவிட்டன. இரண்டாவது பயணமோ எந்தச் சட்டத்தின் வலுவும் இன்றி, சில தனிமனிதர்களின் பிடிவாதத்தாலும் சில பெருந்துயரங்கள் தந்த படிப்பினையாலும் மெல்ல உருவாயிற்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதையும், திருப்பிச் செய்தி தராத இடங்களில் மருத்துவர் தரும் செய்தியும் நாளடைவில் வற்றிப்போகிறது என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.

நோயை அறிவிக்கும் முறை முதன்முதலில் விருப்பத்தின் அடிப்படையில்தான் தோன்றியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலச் சுகாதார வாரியம் 1874இல், தங்கள் பகுதியில் அப்போது நிலவும் நோய்களை வாரம் ஒருமுறை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புமாறு மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. எழுதுவதற்குச் சில நிமிடங்களே ஆகும்படி ஒரே மாதிரியான அட்டைகள் அதற்கெனப் பயன்படுத்தப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1889இல் பிரிட்டனில் நிறைவேறிய தொற்றுநோய் அறிவிப்புச் சட்டம் வேண்டுகோளைக் கடமையாக மாற்றியது. பெரியம்மை, காலரா, தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல், டைபாய்டு முதலிய நோய்களைக் கண்ட மருத்துவர் உள்ளூர்ச் சுகாதார அலுவலருக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும்; தனிப்பட்ட முறையில் பார்த்த நோயாளி என்றால் சான்றிதழ் ஒன்றுக்கு 2 ஷில்லிங் 6 பென்சு அவருக்குக் கிடைக்கும்; அனுப்பத் தவறினால் 40 ஷில்லிங் வரை அபராதம் விதிக்கப்படும். செய்திக்கு விலையும் தண்டனையும் குறித்த அச்சட்டம், அச்செய்தியிலிருந்து மருத்துவர் என்ன தெரிந்துகொள்ளலாம் என்பதைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. பம்பாயில் பிளேக் பரவிய சூழலில் 1897இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டத்திலும் நிலைமை இதுவே. அது ஆட்சியாளருக்கு அதிகாரங்களை வழங்கியது. மருத்துவருக்குத் தகவல் தரும் பொறுப்பை யார்மீதும் சுமத்தவில்லை.

அக்காலத்தில் வெளிவந்த நோய்ச் செய்தி வெளியீடுகள்கூட மருத்துவருக்கென எழுதப்பட்டவை அல்ல. 1878இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய கடல்வழித் தொற்றுத் தடைச் சட்டத்தின்படி, அயல்நாட்டுத் துறைமுகங்களில் காலரா, பெரியம்மை, பிளேக், மஞ்சள் காய்ச்சல் ஆகியவை தலைகாட்டினால் அங்குள்ள அமெரிக்கத் தூதரக அலுவலர்கள் தெரிவிக்க வேண்டியிருந்தது. அச்செய்திகளைத் தொகுத்து அவ்வாண்டு ஜூலையில் வெளிவரத் தொடங்கிய வாரச் செய்திமடல், எந்தக் கப்பலைக் கரைக்கு விடலாம், எதை நடுக்கடலில் நிறுத்தி வைக்கலாம் என்று முடிவு செய்யும் துறைமுக அலுவலருக்கு உதவுவதற்காக அச்சானது. அதே கோடையில் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கில் மஞ்சள் காய்ச்சல் பரவி, மெம்பிஸ் நகரில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. முதல் உலகப்போருக்குப் பின் உருவான நாடுகளின் சங்கம் 1925இல் சிங்கப்பூரில் நிறுவிய கீழ்த்திசைத் தொற்றுநோய் அலுவலகமும் இதே மரபில் வந்ததே. ஆசியத் துறைமுகங்களிலிருந்து தந்தி வழியாக வந்த நோய்ச் செய்திகளை வாரந்தோறும் ஒன்றுசேர்த்துக் கம்பியில்லாத் தந்தி மூலம் அது ஒலிபரப்பியது. இது அன்றைய தொழில்நுட்பத்தின் உச்சம் எனலாம். எனினும் கப்பல்கள் வந்துசெல்லும் துறைமுகத்துக்குச் சென்றடைந்த அச்செய்தி, அதே நகரின் சந்து ஒன்றில் மருந்தகம் நடத்திய மருத்துவரின் மேசைக்கு வரவில்லை.

திருப்பிச் சொல்வதே நோய்க் கண்காணிப்பின் சரிபாதி என்ற கருத்து உறுதிப்படுவதற்கு அலெக்சாண்டர் லாங்மியூர் என்னும் அமெரிக்கக் கொள்ளைநோயியல் அறிஞர் முதன்மைக் காரணமானார். கொள்ளைநோயியல் என்பது நோய் யாருக்கு, எங்கே, எப்போது, ஏன் வருகிறது என்பதை மக்கள்தொகை அளவில் ஆராயும் துறை. 1949இல் அட்லாண்டாவிலிருந்த தொற்றுநோய் மையத்தில், அதாவது இன்று சி.டி.சி. என்று உலகம் அறிந்துள்ள நிறுவனத்தில் சேர்ந்த லாங்மியூர், கண்காணிப்பு என்ற சொல்லுக்கே புதுப்பொருள் தந்தார். அதுவரை அச்சொல், தொற்று ஏற்பட்டிருக்கலாம் என ஐயுறப்படும் ஒருவரைப் பின்தொடர்ந்து பார்ப்பதையே குறித்தது. தரவுகளை இடைவிடாமல் திரட்டுதல், அவற்றைத் தொகுத்து மதிப்பிடுதல், அறிய வேண்டியவர் அனைவருக்கும் அதை உடனடியாகப் பரப்புதல் என்ற மூன்றும் சேர்ந்ததே கண்காணிப்பு என 1963இல் எழுதிய கட்டுரையில் அவர் விளக்கினார்.

இது ஏட்டளவில் பிறந்த கோட்பாடன்று. 1955 ஏப்ரலில் அமெரிக்காவில் சால்க் போலியோ தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்த இரண்டு வாரத்துக்குள், ஊசி போட்ட குழந்தைகள் சிலருக்குக் கைகால் முடங்குவதாகத் தகவல் வந்தது. ஒரு நிறுவனம் தயாரித்த தடுப்பூசியில் உயிருள்ள வைரசு எஞ்சியிருந்தது பின்னர் தெரியவந்தது. ஏறத்தாழ 200 பேர் முடங்கினர், 10 பேர் இறந்தனர். ஏப்ரல் இறுதியில் லாங்மியூர் தலைமையில் தொடங்கிய போலியோ கண்காணிப்புப் பிரிவு அன்றாட அறிக்கை வெளியிடத் தொடங்கியது. எந்த நிறுவனத்தின் ஊசி, எந்தக் கையில் போடப்பட்டது, எத்தனை நாள் கழித்து எந்த உறுப்பு முடங்கியது என்ற விவரங்கள் நாள்தோறும் திரண்டு, நாள்தோறும் திரும்பிச் சென்றன. சிக்கல் பெரும்பாலும் அந்த ஒரு நிறுவனத்தின் ஊசியோடு தொடர்புடையது என்பதை விரைந்து காட்ட முடிந்ததால், தடுப்பூசித் திட்டமே கைவிடப்படாமல் தப்பித்தது. 1961இல் நோயுறுதல், இறப்பு பற்றிய அரசின் வார அறிக்கையை அட்லாண்டாவுக்குக் கொண்டுவந்தபோது, பெரும்பாலும் எண்களின் அட்டவணையாக இருந்த அவ்வெளியீட்டில் நோய்ப் பரவல் பற்றிய சிறு விவரக் குறிப்புகளுக்கு அவர் முதன்மை இடம் தந்தார். ஒரு மருத்துவர் தம் நோயாளியை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய எழுத்து அந்த வார அறிக்கையில் அவ்வாறுதான் வேரூன்றியது.

அவ்வெழுத்தின் ஆற்றலை அவ்வார அறிக்கையின் 1981 ஜூன் 5ஆம் நாளிட்ட இதழ் மெய்ப்பித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அதுவரை நல்ல உடல்நலத்தோடிருந்த இளைஞர் ஐவருக்கு, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களையே தாக்கும் நியூமோசிஸ்டிஸ் என்னும் அரிய வகை நுரையீரல் அழற்சி வந்திருப்பதையும், அவர்களுள் இருவர் இறந்துவிட்டதையும் மைக்கேல் காட்லீப் முதலிய மருத்துவர்கள் அதில் தெரிவித்திருந்தனர். பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிடச் சில மாதங்கள் ஆகும் என்பதால் வார அறிக்கையை அவர்கள் நாட வேண்டியிருந்தது. கரீபியன் தீவுகளுக்குச் சென்றுவந்த பயணிகளின் டெங்கு பற்றிய குறிப்புக்கு அடுத்ததாக, இரண்டாம் பக்கத்தில்தான் அது இடம்பெற்றது. ஆனால் படித்த மருத்துவர்கள், தாங்களும் அத்தகைய நோயாளியைப் பார்த்திருப்பதாகப் பிற நகரங்களிலிருந்து தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினர். ஒரு மாதத்துக்குள், ஜூலை 3ஆம் நாள் இதழில், கப்போசி சார்கோமா என்னும் தோல்புற்று கண்ட 26 பேரின் விவரம் நியூயார்க்கிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் வெளிவந்தது. பின்னாளில் எய்ட்சு எனப் பெயர் பெற்ற நோய், தனித்தனி மருத்துவர்களின் புரியாத புதிர்களாக இருந்த நிலை மாறி ஒரே நோயாகத் தெரியவந்தது இவ்வாறே. கேட்டுப் பெற்ற செய்தியைக் காட்டிலும், திருப்பித் தந்த செய்தி ஈர்த்துக் கொணர்ந்த செய்தி மிகுதியாக இருந்தது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

அத்தொடர் சென்னையிலும் நீண்டது. அமெரிக்காவில் கண்டறியப்பட்ட நோயைப் பற்றிய மருத்துவ எழுத்துகளைத் தொடர்ந்து படித்துவந்த சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், இந்தியாவில் அந்நோய் இல்லை என்ற பொதுவான நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத் தம் மாணவி நிர்மலாவை ஊக்குவித்தார். நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. 1986இல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் அவற்றில் வெளிப்பட்டன.

அதே வேலூர்க் கல்லூரியின் வைரசு இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய உடன்பணியாளர்களும் 1980களில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் உருவாக்கிய திட்டம், இவ்வரலாற்றில் விரிவாகப் பேசப்பட வேண்டியது. நம் நாட்டு மருத்துவக் கல்வியில் அதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. அன்று இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த வட ஆர்க்காட்டின் மக்கள்தொகை சுமார் 50 இலட்சம். நோயாளிகளுள் பெரும்பாலோர் தனியார் மருத்துவர்களையும் தொண்டு மருத்துவமனைகளையும் நாடினர். அரசின் நோய்ப் புள்ளிவிவரங்களோ அரசு மருத்துவமனைகளிலிருந்து மட்டுமே வந்தன. தட்டம்மையாலும் கக்குவான் இருமலாலும் ஒரு வட்டாரத்துக் குழந்தைகள் அவதிப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, பதிவேட்டில் அவ்வட்டாரம் நோயற்றதாகக் காட்சியளிக்கக்கூடும்.

வேலூர்க் குழுவினர் இதற்குக் கையாண்ட கருவி, மாசசூசெட்ஸ் வாரியம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்க் கையாண்ட அதே அஞ்சலட்டைதான். தேவையான விவரங்களுக்குரிய இடங்கள் முன்னரே அச்சிடப்பட்ட அட்டைகள் மாவட்டத்தின் தனியார், தொண்டு, அரசு மருத்துவமனைகளுக்கு ஒருசேர வழங்கப்பட்டன. தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய குழந்தை நோய்கள் உள்ளிட்ட, தேர்ந்தெடுத்த சில நோய்களுள் ஒன்றைக் கண்டதாக மருத்துவர் ஐயுற்றாலே போதும். ஆய்வகச் சான்றுக்குக் காத்திராமல் அட்டையை நிரப்பி அஞ்சல் பெட்டியில் போட்டுவிடலாம். நோயாளிகள் வரிசையில் காத்திருக்க, இரண்டு ஆலோசனைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலையாக அது அமைக்கப்பட்டிருந்தது. நீண்ட படிவங்களை வடிவமைப்போர் மறந்துவிடுகிற, ஆனால் மருத்துவர் ஒருவரும் மறக்க முடியாத நடைமுறை உண்மை இது.

அட்டையைவிட முதன்மையானது, அதற்கு வந்த மறுமொழி. வட ஆர்க்காடு மாவட்டச் சுகாதாரத் தகவல் என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து 'நதி' என ஒலிக்க, அப்பெயரில் மாதந்தோறும் ஒரு செய்திமடல், அட்டை அனுப்பிய மருத்துவர்களுக்கெல்லாம் சென்றது. எந்த வட்டாரத்தில் எந்த நோய் கூடுகிறது, எங்கே பரவல் ஏற்பட்டது, அதற்கு என்ன செய்யப்பட்டது என்பவற்றை அதில் அவர்கள் காண முடிந்தது. தாம் அனுப்பிய ஓர் அட்டை எண்ணாகவேனும் அதில் இடம்பெற்றிருப்பதைப் பார்க்கும் மருத்துவருக்கு அடுத்த அட்டையை எழுதத் தனித் தூண்டுதல் தேவைப்படவில்லை. அத்துடன், அனுப்பிய செய்தியின் பேரில் மாவட்டச் சுகாதார அலுவலர்கள் நேரில் சென்று விசாரித்துத் தடுப்பு நடவடிக்கை எடுக்கும் ஏற்பாடும் இருந்தது. இத்திட்டத்தைப் பற்றி 1998இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில், வளரும் நாடுகளுக்குரிய முன்மாதிரியாக அதன் ஆசிரியர்கள் அதை முன்வைத்தனர். அந்த உரிமைக்கோரல் மிகையன்று. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் இதே முறை பின்பற்றப்பட்டு, அங்கும் தனியார் மருத்துவர்களின் ஒத்துழைப்பைப் பெற்றது.

வேலூரில் ஒரு மாவட்டம் இவ்வாறு இயங்கிக்கொண்டிருந்த காலத்தில் நாட்டின் பிற பகுதிகள் எந்நிலையில் இருந்தன என்பதை 1994 செப்டம்பரில் சூரத் நகரம் காட்டியது. நுரையீரல் பிளேக் பரவுவதாகச் செய்தி கசிந்தவுடன் இலட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர். தனியார் மருத்துவர்களுள் பலரும் அவர்களோடு வெளியேறினர். இதை அவர்களின் கோழைத்தனம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட இயலாது. எதைக் கண்டால் பிளேக் என ஐயுற வேண்டும், டெட்ராசைக்ளின் போன்ற எளிய மருந்தைத் தாம் எப்போது உட்கொண்டு காத்துக்கொள்ளலாம் என்பனவற்றை நம்பத்தக்க ஒருவர் உரிய நேரத்தில் சொல்லியிருந்தால், நின்று பணியாற்றியிருக்கக்கூடியவர்கள் அவர்களுள் நிச்சயம் இருந்திருப்பர். அப்பேரிடரை அடுத்துத் தேசிய அளவிலான கண்காணிப்புத் திட்டம் தொடங்கி, 2004இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டமாக விரிந்தது. சுகாதாரப் பணியாளர் அறிகுறிகளை வைத்து நிரப்புவது, மருத்துவர் தம் கணிப்பை வைத்து நிரப்புவது, ஆய்வகம் உறுதிசெய்து நிரப்புவது என மூவகைப் படிவங்கள் வாரந்தோறும் மேலே சென்றன; 2021இல் அவை முழுமையாக மின்னணு வடிவம் பெற்றன. மேலே செல்லும் பாதை இவ்வளவு நேர்த்தியாக அமைக்கப்பட்ட போதிலும், 'நதி' மடலைப் போலத் தனியார் மருத்துவர் ஒவ்வொருவர் கைக்கும் திரும்பி வரும் பாதை அதே அக்கறையோடு அமைக்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் கணிப்பு. இதற்கு மாறாக, இலங்கையில் மருத்துவர் ஐயுற்ற அளவிலேயே '544' என எண்ணிட்ட சுகாதாரப் படிவத்தில் சுகாதார மருத்துவ அதிகாரிக்கு அறிவிப்பதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிச் சென்று விசாரிப்பதும் நெடுங்கால வழக்கம். தொற்றுநோயியல் பிரிவின் வார அறிக்கை அத்தகவல்களை மாவட்ட வாரியாக மருத்துவர்களுக்கே திருப்பித் தருகிறது.

தகவல் தரும் அமைப்பு வலுவாக இருந்த அமெரிக்காவிலேயே அதன் கடைசி முழம் எட்டாமல் போனதை 2001ஆம் ஆண்டின் ஆந்த்ராக்ஸ் தாக்குதல் வெளிப்படுத்தியது. ஆந்த்ராக்ஸ் என்பது நம் ஊர்க் கால்நடை வளர்ப்போர் அடைப்பான் என்று அறிந்த நோய். அதன் நுண்வித்துகளை மூச்சில் இழுப்பதால் வரும் வகை அந்நாட்டில் 1976க்குப் பின் காணப்படவே இல்லை. அக்டோபர் 2ஆம் நாள் புளோரிடாவில் நினைவு குழம்பிய நிலையில் கொண்டுவரப்பட்ட 63 வயது நோயாளியின் தண்டுவட நீரை நுண்ணோக்கியில் பார்த்த தொற்றுநோய் மருத்துவர் லாரி புஷ், அதிலிருந்த கோல்வடிவப் பாக்டீரியாக்களைக் கண்டு ஆந்த்ராக்ஸ் என ஐயுற்று உடனே சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். முதற்பயணம் இதைவிடச் செம்மையாக நடந்திருக்க முடியாது. ஆனால் மூன்று வாரம் கழித்து, வாஷிங்டன் அஞ்சல் நிலைய ஊழியர் ஒருவர் உடல்நலக் குறைவோடு மருத்துவமனைக்கு வந்து, சாதாரண நோயாகக் கருதப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார், மறுநாள் இறந்தார். மொத்தம் 22 பேர் பாதிக்கப்பட்ட அத்தாக்குதலில் இறந்த ஐவருள் அவரும் ஒருவர். அஞ்சல் ஊழியர்கள் ஆபத்தில் இருக்கிறார்கள் என்ற புரிதலே காலம் கடந்து வந்தது; வந்த புரிதலும் அவசரப் பிரிவு மருத்துவர் கைக்குப் போய்ச் சேர நேரம் எடுத்தது.

மாநில, உள்ளாட்சிச் சுகாதாரத் துறைகளுக்கு அவசரச் செய்தி அனுப்பும் எச்சரிக்கை வலையமைப்பு அப்போது ஏற்கெனவே இருந்தது. சிகிச்சையளிக்கும் மருத்துவரோடு நேரடியாகப் பேசும் வழி இல்லை என்ற குறையை அத்தாக்குதல் உணர்த்தவே, மருத்துவர் தொடர்புக்கென்று ஒரு தனிப்பிரிவைச் சி.டி.சி. ஏற்படுத்தியது. வல்லுநர் விளக்க, நாடெங்கும் உள்ள மருத்துவர்கள் தொலைபேசி வழியாகவும் இணையவழியாகவும் கேட்டுத் தம் ஐயங்களை அங்கேயே எழுப்பும் கூட்டுரையாடல்கள் அதன் முதன்மைப் பணியாயின. உடனே செயல்பட வேண்டிய எச்சரிக்கை, கவனத்தில் கொள்ள வேண்டிய அறிவுரை, முந்தைய செய்தியின் புதுப்பிப்பு எனச் செய்திகள் தரம்பிரித்து அனுப்பப்பட்டன. எல்லாவற்றையும் அவசரம் என்று முத்திரையிட்டால் எதுவுமே அவசரமாகத் தோன்றாது என்ற பட்டறிவின் பயன் அது. அரசுகளுக்கு வெளியே, 1994இல் தொடங்கிய புரோமெட் என்னும் அமைப்பு உலகெங்குமிருந்து மருத்துவர்களும் அறிவியலாளரும் அனுப்பும் செய்திகளை வல்லுநர்களால் சரிபார்த்து மின்னஞ்சலில் பரப்பியது. 2003 பிப்ரவரியில் சீனாவின் குவாங்டாங் மாநிலத்து மர்ம நுரையீரல் நோயைப் பற்றியும், 2019 டிசம்பர் 30 அன்று வூகான் நகரில் பரவிய நோயைப் பற்றியும் வெளியுலக மருத்துவர்கள் பலர் முதலில் அறிந்தது அதன் வழியே.

செய்தி போய்ச் சேர்வதும், நோயாளி எதிரே அமர்ந்திருக்கும் கணத்தில் அது நினைவுக்கு வருவதும் வெவ்வேறு. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவிக்கொண்டிருந்த 2014ஆம் ஆண்டு ஜூலை இறுதியிலேயே, அங்கிருந்து வரும் காய்ச்சல் நோயாளிகளிடம் பயண விவரம் கேட்குமாறு அமெரிக்க மருத்துவர்களுக்கு அறிவுறுத்தல் சென்றிருந்தது. செப்டம்பர் 25 இரவு டல்லஸ் நகர மருத்துவமனை ஒன்றுக்கு லைபீரியாவிலிருந்து வந்திருந்த ஒருவர் காய்ச்சலோடு வந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பதைச் செவிலியர் கேட்டு மின்னணுப் பதிவில் எழுதியும் வைத்தார். ஆயினும் நோயாளி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மூன்று நாளில் ஆம்புலன்சில் திரும்பி வந்து, அக்டோபர் 8இல் இறந்தார். பராமரித்த செவிலியர் இருவருக்கும் தொற்று ஏற்பட்டது. எச்சரிக்கை நாடு முழுவதும் பயணித்துவிட்டது, கேள்வியும் கேட்கப்பட்டுவிட்டது, ஒரு திரையில் எழுதிய வரி அதே அறையில் முடிவெடுப்பவரின் சிந்தனையில் பதியவில்லை.

இந்தியாவில் நிபா வைரசு 2001இலும் 2018இலும் வந்த விதம், ஒரு செய்தி மருத்துவரின் நினைவில் ஊன்றுவதற்கும் ஊன்றாமைக்கும் இடையிலான தொலைவை அளந்து காட்டுகிறது. மலேசியாவில் 1998-99இல் கண்டறியப்பட்ட அவ்வைரசு, 2001 தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் சிலிகுரி நகர மருத்துவமனைகளில் 66 பேரைத் தாக்கி 45 பேரைக் கொன்றது. அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவமனைப் பணியாளர்கள் அல்லது நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள். நிபா என்ற பெயரே அன்று அங்கு யாருக்கும் தோன்றவில்லை. பாதுகாத்து வைத்த மாதிரிகளைச் சோதித்த பின்னரே உண்மை தெரிந்து, 2006இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. 2018 மே 17 அன்று கோழிக்கோட்டில் தனியார் மருத்துவமனை ஒன்றில் மூளைக்காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட இளைஞரை ஆராய்ந்த மருத்துவர்களோ, அவருடைய சகோதரர் இரண்டு வாரம் முன்பு அதே போன்ற நோயால் இறந்ததையும், அதே வீட்டில் வேறு சிலரும் நோயுற்றிருப்பதையும் இணைத்துப் பார்த்து நிபாவை ஐயுற்றனர். மாதிரிகள் மணிப்பால் வைரசு ஆய்வு மையத்துக்குச் சென்றன. மே 20க்குள் புனே தேசிய வைரசு இயல் நிறுவனமும் உறுதிசெய்தது. தொடர்பிலிருந்தவர்கள் தனிமைப்படுத்தப்பட்டனர், மாநிலத்தின் பிற மருத்துவமனைகள் எதைத் தேட வேண்டும் என்பதை அன்றே அறிந்துகொண்டன. எனினும் கணக்கிடப்பட்ட 23 நோயாளிகளுள் 21 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்குத் தொற்று ஏற்பட்டது, மே 5 அன்று இறந்த அந்த முதல் சகோதரரிடமிருந்து, அவர் இன்ன நோயாளி என்று யாரும் அறியாமல் மருத்துவமனைகளில் இருந்த நேரங்களில்.